வயலெலியும் வெப்பநிலையும்

நெற்செய்கைக்குச் சேதம் விளைவிக்கும் பிராணிகளுள் எலி முதன்மையானது என்பதைக் கமக்காரர் நன்கறிவர். ஆயினும், நண்பகலில் வயலில் எலியைக் காண்பது அரிது. காலையிற் சென்று பார்க்குமிடத்து வெட்டுண்ட பயிரும் வரம்பிற் புதுமண்ணுமே காணப்படும். இதற்குப் பகைவரிடத்து எலி கொள்ளும் அச்சம் மட்டும் காரணமன்று. அதன் உடல் கடும் வெப்பத்தைத் தாங்கமாட்டாமையும் ஒரு காரணமாகும்.

எலியின் உடல்

எலியின் உடல் வெப்பநிலை ஏறக்குறைய 37 முதல் 38 பாகை செல்சியசு வரையாகும். சூழல் மாறினும் இவ்வளவு பெரிதும் மாறாதிருத்தல் வேண்டும். எலி சிறிய பிராணியாதலால், அதன் நிறையுடன் ஒப்பிடுமிடத்து உடலின் மேற்பரப்பு அதிகம். எனவே அது குளிரில் விரைவாக வெப்பத்தை இழக்கும். வெயிலில் விரைவாகச் சூடேறும்.

குளிரில் நிகழ்வன

குளிர்ந்த இரவுகளில் எலியின் மயிர் சிலிர்த்து நின்று காற்றைத் தேக்கி வைக்கும். வாலின் குருதிக்கலன்கள் சுருங்கும். உடல் நடுங்கி வெப்பத்தை உண்டாக்கும். குளிர் சில வாரங்கள் நீடிப்பின், தோள்களுக்கிடையேயுள்ள கபிலநிறக் கொழுப்பு பெருகி, நடுக்கமின்றியே வெப்பத்தைக் கொடுக்கும். இவ்வெப்பத்துக்கு எரிபொருள் உணவேயாதலால், குளிரில் எலி கூடுதலாக உண்ணும்.

வெப்பத்தில் நிகழ்வன

எலி மனிதனைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாயைப்போல் நாக்கை நீட்டி இளைப்பதுமில்லை. மயிரற்ற வாலே அதற்குப் பெருந்துணை. வாலின் குருதிக்கலன்கள் விரிவடைய, உடலில் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய காற்பங்குவரை அதன் வழியே வெளியேறக்கூடும். வெப்பமான இடத்தில் வளரும் எலிகளின் வால், குளிரில் வளர்வனவற்றின் வாலிலும் நீளமாயிருத்தல் இதனாலேயாம். வெப்பம் மேலும் மிகுந்தால், எலி உமிழ்நீரை மயிரிற் பூசிக்கொள்ளும். அது உலரும்போது உடல் குளிரும். ஆனால் இம்முறையால் உடல்நீர் விரைவிற் குறைவதால், நெடுநேரம் இவ்வாறு தாக்குப்பிடிக்க இயலாது.

வளையே பாதுகாப்பு

இக்குறையை வளை ஈடுசெய்கின்றது. நிலத்தின் மேற்பரப்பு பகலிற் கொதித்து இரவிற் குளிர்ந்தாலும், ஓரடி ஆழத்தில் வெப்பநிலை சிறிதளவே மாறும். அகழான் வளையின் வாயைத் தளர்ந்த மண்ணால் மூடிவிடுவதனால் உள்ளே ஈரமும் காக்கப்படும். மயிரின்றிப் பிறக்கும் குட்டிகள் தம் உடல் வெப்பத்தைத் தாமே பேணமாட்டா. அவை கூட்டில் ஒன்றையொன்று அணைத்துக் கிடந்தே உயிர் வாழும். ஆகவே வளையை இழந்த எலிக்கு வெயிலும், கூட்டை இழந்த குட்டிக்குக் குளிரும் பகையாகும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. அகன்ற வரம்பில் எலி வளை தோண்டும். வரம்பின் அகலம் 30 சதமமீற்றருக்கு மேற்படாதிருத்தல் நன்று.

2. வரம்பிலும் வாய்க்காற் கரையிலும் உள்ள புல்லையும் பற்றையையும் வெட்டி, நிழலையும் மறைவையும் நீக்குக.

3. நிலம் பண்படுத்தும்போதே வளைகளைக் கூடுவரை வெட்டித் திறந்து அழித்திடுக. பயிர் குடலைப் பருவம் எய்தியபின் எலிகள் பெருகத் தொடங்குமாதலால், அதற்குமுன் இவ்வேலையை முடித்தல் வேண்டும்.

4. ஒரு வயலில் மாத்திரம் செய்வதாற் பயனில்லை. எலிகள் அயல்வயலுக்குச் சென்று பின்னர் மீளும். ஒரு வெளியிலுள்ளோர் அனைவரும் ஒரே காலத்தில் விதைத்து, ஒரே காலத்தில் வளைகளை அழித்தல் வேண்டும்.

எச்சரிக்கை

எலியின் சிறுநீராற் பரவும் எலிக்காய்ச்சல் உயிருக்கு ஆபத்தானது. அதன் கிருமி ஈரமண்ணிலும் சேற்றுநீரிலும் தங்கியிருந்து, தோலிலுள்ள காயங்களின் வழியே உட்புகும். வெறுங்கையால் வளையைத் துழாவுதலோ, இறந்த எலியைத் தொடுதலோ கூடாது. காயமிருப்பின் மூடிக்கட்டிய பின்னரே வயலில் இறங்குக. தடுப்பு மருந்து பற்றி முன்கூட்டியே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிக. வயல்வேலைக்குப் பின்னர் காய்ச்சலும் தசைநோவும் கண்டால், தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று, வயலில் வேலை செய்ததை வைத்தியருக்குத் தெரிவித்தல் வேண்டும்.