வண்டி வாங்கிய அம்மிணிக்கு

நாமக்கல்

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய கார் போட்டோவை அத்தை தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். ஆறு வருடம் ஓடிய பெட்ரோல் வண்டி, ஒரே கைதான் மாறியிருக்கிறது, டயர் நாலும் புதிது போலவே இருக்கிறது, சீட் கவரும் மியூசிக் சிஸ்டமும் மாற்றினால் போதும், தீபாவளிக்கு ராத்திரியே கிளம்பி விடிய ஊர் வந்துவிடுகிறோம் என்று எழுதியிருக்கிறாய். சீட் கவருக்கு எடுத்து வைத்த பணத்தை இப்போதைக்குத் தொடாதே. டயர் ரீட்ரெடிங் பட்டறையிலேயே வயதைக் கழித்தவன் சொல்கிறேன், கைமாறி வரும் காரில் முதலில் பார்க்க வேண்டியது டயர். என்ஜின் கெட்டால் வண்டி நின்றுவிடும். டயர் கெட்டால் நிறுத்த நினைத்தாலும் நிற்காது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் கீழே இறங்கி வண்டியைச் சுற்றி வா. விற்கிறவர்கள் டயருக்குப் பாலீஷ் போட்டுத்தான் நிறுத்துவார்கள். அந்த மினுமினுப்பைக் கணக்கில் எடுக்காதே. டயரின் பக்கவாட்டில் டாட் என்று ஆங்கிலத்தில் தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதன் கடைசியில் நான்கு இலக்கம். 3219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்த டயர். வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் இருக்கும். முன் டயருக்கு ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துவிட்டுக் குனிந்து பார். ஓடாமல் நின்ற டயரும் வயதாகும். நம் ஊர் வெயிலில் ரப்பர் இறுகி, பக்கவாட்டில் மயிர்க்கோடு போல வெடிப்பு விடும். ஆறு வருடம் தாண்டிய டயரில் எவ்வளவு ரப்பர் மிச்சமிருந்தாலும் குழந்தையை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வராதே.

அடுத்து, டயரின் மேல்பரப்பில் ஓடும் பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவு. குறுக்கே அங்கங்கே ஒரு சின்ன மேடு தட்டுப்படும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். சட்டம் அதுவரை விடும். என்னைக் கேட்டால் மழைக்காலத்துக்கு 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கவே கூடாது. அந்தப் பள்ளம் இருப்பதே சாலையில் நிற்கும் தண்ணீரை வாரி வெளியே தள்ளத்தான். ஆழம் போதாவிட்டால் வேகத்தில் டயர் தண்ணீர் மேல் ஏறிக்கொள்ளும். ஸ்டீயரிங் சட்டென்று லேசாகிவிடும், பிரேக் மிதித்தால் வழுக்கும். அப்படி ஆனால் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திரு. வேகம் குறைந்ததும் பிடிப்பு தானாக வந்துவிடும்.

தேய்ந்த டயரைச் சூடான கத்தியால் கீறிப் பள்ளம் எடுத்துப் புதிதாகக் காட்டுகிற வேலையும் உண்டு. லாரி டயர் சிலவற்றில் அடியில் கூடுதலாக ரப்பர் வைத்தே செய்வார்கள், மறுபடி கீறலாம் என்று டயரிலேயே எழுதியிருக்கும். கார் டயரில் அந்த ரப்பர் கிடையாது. கத்தி நேராக உள்ளே இருக்கும் கம்பிக்குப் பக்கத்தில் போய்விடும். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அச்சில் வார்த்த பள்ளம் ஒரே ஆழமாக, அடி வழவழவென்று இருக்கும். கத்தி போட்ட பள்ளத்தில் ஓரம் கூராக நிற்கும், ஆழம் ஏறி இறங்கும், நான் சொன்ன குறுக்கு மேடும் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். ஒரு டயரில் அப்படித் தென்பட்டாலும் நான்கையும் சந்தேகப்படு.

பக்கவாட்டில் கையை ஓட்டிப் பார்க்கும்போது எங்காவது எலுமிச்சம்பழம் போலப் புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். வண்டி ஏதோ குழியில் வேகமாக இறங்கியிருக்கும். அதற்கு வைத்தியம் கிடையாது, டயரைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாகவே ஓடிய வண்டி. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது; அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதேபோல் தேயும்.

நாலும் மாற்றக் காசு இல்லை, இரண்டுதான் முடியும் என்றால் புது டயர் இரண்டையும் பின்னால் போடச் சொல். கடைக்காரர் முன்னால் போடலாம் என்பார், கேட்காதே. ஈரத்தில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும். பழகிய டிரைவர்களுக்கே அதைத் திருப்புவது கஷ்டம்.

காற்று விஷயத்தில் நம் ஊரில் ஒரு தவறான நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. வெயில் காலத்தில் காற்று விரியும், அதனால் இரண்டு பாயிண்ட் குறைத்து அடி என்பார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள். காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடக்கலில்தான் சூடு பிறக்கிறது. சித்திரை வெயிலில் வெடிக்கும் டயர்களில் பல, காற்று குறைவாக ஓடி வெந்துபோன டயர்கள். அறுத்துப் பார்த்தால் உள்சுவர் பொடிப்பொடியாக உதிரும். பட்டறையில் கை நிறைய அள்ளியிருக்கிறேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எவ்வளவு காற்று, ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். வெயிலோ குளிரோ அதுதான் கணக்கு. டயர் மேல் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதே. காலையில் டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடித்தான் காட்டும், அதைக் கண்டு காற்றை இறக்கிவிடாதே. பதினைந்து நாளைக்கு ஒருமுறை பார்த்தால் போதும், ஸ்டெப்னியையும் சேர்த்து. ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் டிக்கியில் இருக்கின்றனவா என்று பார்த்து, வீட்டு வாசலிலேயே ஒருமுறை நீயே டயர் மாற்றிப் பழகு.

இத்தனைக்கும் பிறகு ஓட்டத்தில் டயர் வெடித்தால், பிரேக்கை மட்டும் ஓங்கி மிதிக்காதே. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து நேராக வை, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடு, வேகம் நன்றாகத் தணிந்த பிறகு ஓரம் கட்டு.

டயருக்கு அடுத்து, என்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றையும் உடனே மாற்றிவிடு. பழைய ஓனர் மாற்றினாரா என்ற ஆராய்ச்சி வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். கூலன்ட்டுக்குப் பதில் போர்த் தண்ணீரை ஊற்றாதே, உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். சூடாக இருக்கும்போது அதன் மூடியைத் திறக்கவும் கூடாது; முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

இனி பேப்பர். ஆர்.சி. இன்னும் பழையவர் பெயரில்தான் இருக்கிறது, மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொன்னதாக எழுதியிருந்தாய். மெதுவாக மாற்றுகிற காரியம் இல்லை அது. படிவம் 29, 30 இரண்டிலும் விற்றவர் கையெழுத்தை உடனே வாங்கு. வண்டி மேல் லோன் இருந்திருந்தால் பேங்கின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் வேண்டும், இல்லாவிட்டால் ஆர்.சி.யில் பேங்கின் பெயர் அப்படியே நிற்கும். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அபராதப் பாக்கி உண்டா என்றும் பார். விற்றவரிடமும் சொல், இது அவருக்கும்தான் நல்லது: ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் முன் ஓனர், விபத்து நடந்தால் நஷ்ட ஈடு அவர் தலையில்தான் விழும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பே சொல்லிவிட்டது.

இன்சூரன்ஸ் இன்னும் நுட்பமானது. வண்டி கைமாறினால் எதிராளிக்கான தேர்டு பார்ட்டி காப்பீடு தானாகவே உனக்கு மாறிவிடும். உன் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி அப்படி மாறாது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியை உன் பெயருக்கு மாற்ற வேண்டும். பழையவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அது வண்டியைச் சேர்ந்தது இல்லை. அதனால் பிரீமியம் கொஞ்சம் கூடும், கட்டிவிடு. பாஸ்டேகும் பழையவர் கணக்கில் இருக்கும். அவரை அதை மூடச் சொல்லிவிட்டு உன் பெயரில் புதிது ஒட்டு.

பாலிசியை மாற்றும்போது என்ஜின் புரொட்டெக்ட் என்ற கூடுதல் காப்பையும் சேர்க்க முடியுமா என்று கேள். நீ குடியிருப்பது சென்னை வேளச்சேரி. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர். மழை எச்சரிக்கை வந்தால் உன் பக்கத்து ஆட்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துகிறார்கள் என்று பேப்பரில் படித்தேன். நல்ல புத்தி. நீயும் நேரத்தோடு மேடான இடம் பார்த்து வண்டியை ஏற்றிவிடு. அதையும் மீறித் தண்ணீர் புகுந்துவிட்டால் ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே: ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கச் சாவியைத் திருப்பாதே. தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்து முட்டினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தால் கெட்டதற்குப் பணம் தருகிற கம்பெனி, நீ ஸ்டார்ட் செய்து கெடுத்ததற்குப் பெரும்பாலும் தராது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, நின்ற நிலையில் போட்டோ எடுத்து, கம்பெனிக்குச் சொல்லித் தூக்கிப் போகச் சொல்.

பாப்பாவை முன்சீட்டில் உன் அம்மா மடியில் வைத்துக் கூட்டி வரும் திட்டம் வேண்டவே வேண்டாம். உங்கம்மா கோபித்துக்கொண்டாலும் சரி, நான் பேசிக்கொள்கிறேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி எதிலாவது மோதி நிற்பது மூன்றாவது மாடியிலிருந்து தரையில் விழும் வேகம். அந்த இழுப்பில் எந்தப் பாட்டியின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. முன்னால் ஏர்பேக் வேறு வெடித்து விரியும், அதற்கும் பாப்பாவுக்கும் இடையில் இடமே இருக்காது. சீட் கவருக்கு வைத்த பணத்தில் குழந்தைக்கான சீட் ஒன்று வாங்கிப் பின்சீட்டில் கட்டு. பின்னால் உட்காருகிற பெரியவர்களும் பெல்ட் போட வேண்டும். 2022 செப்டம்பரில் பால்கர் பக்கம் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தை நினைத்துப் பார். விலை உயர்ந்த கார்தான். பின்சீட்டில் இருந்த இரண்டு பேரும் பெல்ட் போடவில்லை, இரண்டு பேருமே போய்விட்டார்கள்.

ராத்திரிப் பயணம் பற்றி. வேண்டாம், அம்மிணி. பகலெல்லாம் ஆபீஸில் உட்கார்ந்துவிட்டு ஒன்பது மணிக்கு ஸ்டீயரிங் பிடித்தால், உளுந்தூர்பேட்டையைத் தாண்டும்போது உடம்பு படுக்கையைத் தேடும். இரண்டிலிருந்து ஐந்து மணி வரை தூக்கம் சொல்லிக்கொண்டு வராது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறது. மூன்று நொடி கண் சொருகினால் 80 மீட்டருக்கு மேல் யாரும் ஓட்டாத வண்டி. சேலம் சாலையில் ஓரமாக விளக்கில்லாமல் நிற்கும் லாரிகள் உண்டு. புறவழிச்சாலைகளில் நான்கு வழி இரண்டு வழியாகச் சுருங்கி எத்தனையோ பேர் நேருக்கு நேர் மோதியிருக்கிறார்கள். ஓரம் கட்டித் தூங்கலாம் என்றாலும், கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டு என்ஜின் ஓட ஓடத் தூங்காதே. சைலன்சரில் ஓட்டை இருந்தால் புகையிலுள்ள விஷ வாயு உள்ளே வரும், வாசனை கூடத் தெரியாது.

வழியில் விபத்தைப் பார்த்தால் நிறுத்தி 108க்கு அழை, நெடுஞ்சாலை உதவிக்கு 1033. உதவி செய்தவரைப் போலீஸ் இழுத்தடிக்கக் கூடாது என்று 2019இல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம், தனியார் ஆஸ்பத்திரிகளும் அதில் உண்டு. யார் பணம் கட்டுவது என்று யோசித்துக்கொண்டு நிற்காதே.

தீபாவளிக்கு முந்தின நாள் பெருங்களத்தூரில் வண்டி நகராது என்பது உனக்கே தெரியும். அதனால் இரண்டு நாள் முன்னதாக லீவு போடு. ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டு விடியற்காலை ஐந்து மணிக்கு எடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி நீயும் மாப்பிள்ளையும் மாறி மாறி ஓட்டினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். கொஞ்சம் தாமதமானாலும் அத்தை இலை போட்டுக் காத்திருப்பாள். எங்கே வருகிறீர்கள் என்று ஓட்டாதவர் ஒரு வரி மெசேஜ் போட்டால் போதும். நான் போன் செய்யமாட்டேன், அத்தையையும் செய்யவிடமாட்டேன்.

அன்புடன்,
மாமா