பேரவையும் துணை மானியமும்

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி அமைந்துள்ள வேளாங்கண்ணி, காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியைச் சேர்ந்த பேரூராகும். ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள் கொடியேற்றத்துடன் தொடங்கிச் செப்டம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் நிறைவுறும் ஆரோக்கிய அன்னையின் திருவிழாவைக் காணச் சாதி சமய வேறுபாடின்றி இலட்சக்கணக்கான மக்கள் அங்கே கூடுகின்றனர். நடந்தே வருவோரும் பலர். இவர்களுக்குக் குடிநீர் வேண்டும். சாலையில் விளக்கு வேண்டும். மருத்துவர், காவலர், துப்புரவுப் பணியாளர் ஆகியோர் இரவு பகலாக நிற்றல் வேண்டும். விழா நிகழும் நாள் முன்னரே அறிந்ததாதலின், அதற்காகும் செலவும் முன்னரே கணித்தற்குரியதாகும்.

அதே கடற்கரையில் 2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள், கிறிஸ்துமசுக்கு மறுநாளாகிய ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை எழுந்தது. திருத்தலத்துக்கு வந்திருந்த வெளியூர் மக்களும், கரையோரக் கடைக்காரரும், மீனவரும் அதற்கு இரையாயினர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் உயிரிழந்தோர் 6,000-க்கு மேற்பட்டோர். இறந்தோரை அடக்கஞ் செய்தல், எஞ்சியோருக்கு உணவும் உறைவிடமும் அளித்தல், நோய் பரவாது தடுத்தல், பெற்றோரை இழந்த குழந்தைகளைப் பேணுதல் என அரசின்மேல் அன்று வந்து விழுந்த கடமைகள் பல. அவற்றுக்குரிய செலவை அவ்வாண்டின் தொடக்கத்தில் எவரே கணித்திருக்க இயலும்?

இவ்விரு செலவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நன்கு உணர்ந்து கொண்டால், துணை மானியக் கோரிக்கை என்பது யாது என்பதும், அதனை ஆராய்வதில் சட்டப் பேரவை உறுப்பினர்க்கு உள்ள பொறுப்பு எத்தகையது என்பதும் எளிதில் விளங்கும்.

நம் மாநில அரசின் நிதியாண்டு ஏப்பிரல் முதல் நாள் தொடங்கி, அடுத்த மார்ச்சு 31-ஆம் நாள் முடிகின்றது. அவ்வாண்டில் வரக்கூடிய வருவாயையும் ஆகக்கூடிய செலவையும் மதிப்பிட்டு, நிதியமைச்சர் நிதிநிலை அறிக்கையைப் பேரவையின்முன் வைக்கின்றார். பின்னர் ஒவ்வொரு துறையின் செலவும் தனித்தனி மானியக் கோரிக்கையாக விவாதிக்கப்பட்டு, வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றது. ஆளுநர், பேரவைத் தலைவர், உயர்நீதிமன்ற நீதிபதிகள் ஆகியோரின் ஊதியமும், அரசு பட்ட கடனுக்குரிய வட்டியும் போன்ற சில செலவுகள் மட்டுமே வாக்கெடுப்புக்கு உட்படாதவை. கோரிக்கைகள் ஏற்கப்பட்ட பின்னர் நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேற்றப்படும். அச்சட்டத்தின் துணையின்றித் தொகுப்பு நிதியினின்று ஒரு காசும் எடுத்தல் கூடாது என்பது 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டத்தின் விதியாகும்.

இவ்வுரிமை நமக்கு எளிதில் வாய்த்ததன்று. 1919-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த பழைய சென்னைச் சட்டமன்றத்துக்கு மானியங்களை மறுக்கும் உரிமை பெயரளவில் இருந்தது. ஆயினும் ஆளுநர் தம் கையில் வைத்திருந்த துறைகளுக்குரிய மானியத்தை மன்றம் மறுத்தால், அது இன்றியமையாதது என்று அவர் சான்று கூறி, அதனை மீண்டும் சேர்த்துக் கொள்ளலாம். மக்களின் சார்பாளர் வேண்டா என்று கூறிய பின்னும் மக்களின் பணம் செலவாயிற்று. அந்நிலையை நினைவிற் கொண்டு நோக்குவார்க்கே இன்றைய விதியின் அருமை புலப்படும்.

இனி, ஒதுக்கிய பணம் ஆண்டின் இடையிலேயே போதாதாயின் என் செய்வது? அன்றியும், நிதிநிலை அறிக்கையில் நினைத்தும் பாராத புதியதொரு பணி முளைத்தால் என் செய்வது? இதற்கு அரசமைப்புச் சட்டத்தின் 205-ஆம் பிரிவு வழி கூறுகின்றது. முன்னர்க் கேட்டவாறே பேரவையிடம் மீண்டும் கேட்டுப் பெறுதல் வேண்டும், அவ்வளவே. அரசுக்கு அவசரம் என்பது உண்மையேயாயினும், கேளாமல் எடுத்தற்கு அது காரணமாகாது.

கேட்கும் முறை பின்வருமாறு அமையும். பணம் வேண்டுந்துறை தன் தேவையைக் காரணங்களுடன் எழுதி நிதித்துறைக்கு அனுப்புகின்றது. நிதித்துறையார் முதலில் பார்ப்பது, அத்துறையின் வேறு இனங்களில் பணம் மீதமாகுமா என்பதையே. ஒரே மானியத்துக்குள் ஓர் இனத்தில் மிகுந்ததை மற்றோர் இனத்துக்கு மாற்றிக் கொள்ளலாம்; ஒரு துறைக்கென வாக்களித்த மானியத்தை வேறொரு துறையின் மானியத்துக்கு மாற்றுதல் இயலாது. மீதமும் இல்லை, செலவும் தவிர்க்க இயலாது என்று தெளிந்த பின்னரே அத்தேவை துணை மதிப்பீட்டில் இடம்பெறுகின்றது. ஆளுநரின் பரிந்துரை பெற்று, நிதியமைச்சர் அதனைப் பேரவையில் வைக்கின்றார்.

பேரவை ஆண்டு முழுதும் கூடியிருப்பதில்லை. வெள்ளமோ பேரவை கூடும் நாளைக் கேட்டு வருவதில்லை. ஆதலின் எதிர்பாராச் செலவு நிதி என ஒரு தனி நிதி வைக்கப்பட்டுள்ளது. பேரவையின் ஒப்புதல் கிடைக்குங்காறும் அதிலிருந்து முன்பணம் எடுத்துச் செலவிடலாம். பின்னர்த் துணை மானியத்தின் வாயிலாக அத்தொகையை அந்நிதிக்கு ஈடுசெய்தல் வேண்டும். பசித்தோர்க்கு உணவளிக்கக் காலந்தாழ்த்துதலும் கூடாது. பேரவையின் உரிமை பழுதுபடுதலும் கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே காத்தற்பொருட்டு அமைந்த ஏற்பாடு இது. எனினும் இதில் ஓர் இடர் உண்டு. பணம் செலவான பின்னர் ஒப்புதல் கேட்கப்படும்போது, உறுப்பினர் மறுத்துரைக்க நாணுவர். துயருற்றோர்க்கு அளித்ததை மறுப்பவர் கல்நெஞ்சர் என்னும் பழிச்சொல் எழுமன்றோ? ஆதலாற்றான் துணைக் கோரிக்கையை ஆராய்வதற்கு, ஆண்டுத் தொடக்கத்துக் கோரிக்கையை ஆராய்வதினும் மிகுந்த நிதானம் வேண்டுமென்பது எம் கருத்து.

ஆராயும் உறுப்பினர் முதற்கண் கேட்கவேண்டிய கேள்வி, “இதனை முன்னரே ஏன் எண்ணவில்லை?” என்பதாகும். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் குடிநீர் வழங்கும் செலவு துணை மதிப்பீட்டில் வருமாயின், விழா நாளை அறியாதிருந்தீரோ என்று கேட்டல் முறையே. ஆழிப்பேரலையைப்பற்றி அவ்வாறு கேட்டல் முறையன்று. ஆனால் எல்லாச் செலவுகளும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்பதில்லை.

புயலை எடுத்துக் கொள்வோம். நாகைக் கடற்கரையை 1952-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு பெரும்புயல் தாக்கிற்று. 1977-ஆம் ஆண்டு நவம்பரில் மற்றொன்று தாக்கிற்று. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய கசாப் புயல், தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை, நாகை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளை வேரொடு சாய்த்தது. மின்கம்பங்கள் வரிசை வரிசையாக வீழ்ந்தன. மீனவரின் படகுகள் நொறுங்கின. இன்ன நாளில் இன்ன ஊரில் புயல் வீசும் என்று ஏப்பிரலில் கூறுதல் எவராலும் ஆகாது. ஆயினும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் இக்கரைக்குப் புயல் வரக்கூடும் என்பதை ஊர்ச் சிறுவரும் அறிவர். ஆகவே புயல் நிவாரணத்தின் ஒரு பகுதி முன்னறியத்தக்கது. ஒரு பகுதி முன்னறிய இயலாதது. முன்னறியத்தக்க பகுதிக்காகவே மாநிலப் பேரிடர் நிவாரண நிதி அமைந்துள்ளது. நிதிக்குழுவின் பரிந்துரைப்படி அதில் நடுவணரசு முக்காற் பங்கும், நம் மாநில அரசு காற்பங்கும் இடுகின்றன. அந்நிதியின் அளவையும் விஞ்சிய பேரழிவு நேரும்போது, துணை மானியம் வேண்டுமென்பதில் ஐயமில்லை. அப்போதும், புயலால் விழுந்த பள்ளிக் கட்டடத்தை எடுத்துக் கட்டுதலும், பல்லாண்டாகப் பழுதுபார்க்காமையால் இடிந்ததைப் புயலின் பெயரால் கட்டுதலும் ஒன்றல்ல என்பதை உறுப்பினர் பிரித்தறிதல் வேண்டும்.

இரண்டாவது கேள்வி, “இப்பணம் எங்கிருந்து வருகின்றது?” என்பது. இக்கேள்வியின் பொருளைக் காவிரி நாட்டு உழவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. மேட்டூரில் திறந்த நீர் தலைமடையில் மிகுதியாகப் பாய்ந்தால், கடைமடையாகிய வேளாங்கண்ணிப் பக்கத்துப் பயிர் வாடும். நீரின் அளவு ஒன்றே. பாயும் வயல்களே பல. அரசின் பணமும் அத்தகையது. எதிர்பார்த்ததினும் வரி மிகுதியாக வந்திருத்தல் வேண்டும். அல்லது வேறொரு பணி சுருக்கப்படுதல் வேண்டும். அல்லது கடன் பெறுதல் வேண்டும். இவற்றுள் எது என்பதை அமைச்சரின் வாயினின்று வருவித்தல் உறுப்பினரின் கடமை. ஏனெனில், கோரிக்கையில் தொகையைப் பெறும் துறையின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அதனால் பணம் குறையும் வேறொரு பணியின் பெயர் எழுதப்பட்டிராது.

தொகை சிறிதென்று புறக்கணிக்கவும் கூடாது. புதுப்பணி ஒன்றுக்குரிய பணம் அம்மானியத்திலேயே மீதமாக இருப்பினும், அப்பணியைத் தொடங்கப் பேரவையின் ஒப்புதல் வேண்டும். அந்நிலையில் மிகச் சிறியதோர் அடையாளத் தொகை மட்டுமே கேட்கப்படும். எண்ணைப் பார்த்து ஏமாறுவோர் அதன் பின்னால் நிற்கும் பெருந்திட்டத்தைக் காணார். ஆண்டின் இடையில் பெரும்பணிகள் முளைத்தல் அரிதன்று. 2020-ஆம் ஆண்டில் நிதிநிலை அறிக்கை பிப்ரவரியில் வைக்கப்பட்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தைப் பிரித்து மயிலாடுதுறை மாவட்டம் அமைக்கப்படும் என்ற அறிவிப்பு அடுத்த திங்களில்தான் வந்தது. புதிய மாவட்டமெனின் ஆட்சியர் அலுவலகம், காவல் கண்காணிப்பாளர் அலுவலகம், பணியாளர் ஊதியம் என ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்செலவுகள் எழுமன்றோ?

உறுப்பினரின் அதிகாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அவர் கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், வெட்டுத் தீர்மானத்தின் வாயிலாகக் குறைக்கக் கோரலாம். தம் தொகுதிக்கு இன்னும் வேண்டுமென்று தொகையைக் கூட்டுதல் மட்டும் இயலாது. விவாதமும் துணை மதிப்பீட்டில் கண்ட இனங்களைப் பற்றியதாகவே இருத்தல் வேண்டும். அரசின் கொள்கை முழுவதையும் மீண்டும் கிளறுதற்கு அங்கே இடமில்லை. பெரும்பான்மை ஆளுங்கட்சியிடம் இருப்பதால், கோரிக்கை தோல்வியுறுதல் ஏறத்தாழ நிகழாத ஒன்று. மானியம் மறுக்கப்பட்டால், அமைச்சரவை பேரவையின் நம்பிக்கையை இழந்ததாகவே கருதப்படும். அங்ஙனமாயின் விவாதத்தால் பயன் என்னை என்று சிலர் வினவுவர். பேரவையில் கேட்ட கேள்வியும் அமைச்சர் கூறிய மறுமொழியும் அச்சேறி நிற்கின்றன. அம்மொழியைக் கொண்டே பின்னர் அவரையும் அவர்தம் துறையையும் மடக்கலாம். பல கோரிக்கைகளை ஒரே நாளில், போதிய நேரமின்றி நிறைவேற்றும் வழக்கம் நன்றன்று. கேளாத கேள்விக்கு அச்சேறிய விடை கிடையாதன்றோ?

அவ்விடைகளைப் பயன்படுத்துவோர் தணிக்கையாளரும் பொதுக் கணக்குக் குழுவினருமாவர். கணக்குக் காட்டும் கடமை இந்நாட்டுக்குப் புதியதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் மீண்டும் குடவோலைக்குத் தகுதியுடையவராகார் என்பதோடு, அவருடைய உறவினரையும் விலக்குகின்றது. இற்றைநாள் விதி உறவினரைத் தண்டிப்பதில்லை. கணக்கை மட்டும் விடுவதில்லை. தணிக்கைத் தலைவரின் அறிக்கைகள் அடிக்கடி ஒரு குறையைச் சுட்டுகின்றன. துணை மானியம் கேட்டுப் பெற்ற துறை, முதலில் ஒதுக்கிய தொகையைக்கூட ஆண்டிறுதிவரை முழுவதும் செலவிடாமல் வைத்திருக்கக் காணலாம். தேவையில்லாத துறை நீரைத் தேக்கி வைத்துக்கொள்ள, தேவையுள்ள துறை வறண்டது என்பதே இதன் பொருள். இதற்கு நேர்மாறாக, ஒப்புதல் பெற்றதற்கு மேலும் செலவிட்ட துறைகள் உண்டு. அம்மிகைச் செலவைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்த பின்னர், பேரவை தனியே முறைப்படுத்துதல் வேண்டும். நடுவணரசின் மக்களவையில் 1967 முதல் இக்குழுவுக்கு எதிர்க்கட்சியினர் ஒருவரையே தலைவராக்கும் வழக்கம் நிலவுகின்றது. குழுவின்முன் துறைச் செயலர்கள் நேரில் வந்து விடையிறுக்கின்றனர்.

துணை மானியம் நிறைவேறி, ஒதுக்கச் சட்டத்துக்கு ஆளுநர் இசைவளித்த பின்னர், பணம் மாவட்டக் கருவூலங்களின் வழியே செலவாகத் தொடங்குகின்றது. குளிர்காலக் கூட்டத்தில் பெற்ற ஒப்புதலாயின், அதனைச் செலவிட எஞ்சியிருப்பவை இரண்டு மூன்று திங்கள்களே. மார்ச்சு 31-ஆம் நாளோடு அவ்வாண்டுக்குரிய ஒப்புதல் முடிவுறும். செலவிடாத தொகை தொகுப்பு நிதியிலேயே நின்றுவிடும். வேளாங்கண்ணியில் பாதி எழுந்த சுவர் ஒன்று எஞ்சிய பணத்துக்குக் காத்திருக்குமாயின், அப்பணம் அடுத்த ஆண்டின் கோரிக்கையாக மீண்டும் பேரவையின்முன் வருதல் வேண்டும்.