ஒற்றைத் தந்தியின் உபதேசம்

ஆன்மீக சாதகன் பூஜையறையில் கழிக்கும் நேரம் சிறிது. நாளின் பெரும்பகுதி கடைவீதியிலும் ரயிலிலும் அலுவலகத்திலுமே கழிகிறது. அந்த நேரத்தில் இறைவன் அவனைத் தேடி வருவதில்லையா? வங்காளத்துப் பாவுல் பாடகர்களின் வாழ்க்கை இக்கேள்விக்கு அழகிய விடை தருகிறது.

ஹௌராவிலிருந்து போல்பூர் செல்லும் ரயிலில் பயணம் செய்பவர்கள் இவர்களைக் கண்டிருப்பார்கள். காவி அங்கி அல்லது பல வண்ணத் துணிகளை இணைத்துத் தைத்த அங்கி, காலில் சலங்கை, கையில் ஏக்தாரா. ஏக்தாரா மிக எளிய கருவி. அடியில் ஒரு சுரைக்குடுக்கை, அதன் இருபுறமும் மூங்கில் பிளவுகள், நடுவே ஒரே ஒரு தந்தி. மூங்கிலை அழுத்தினால் சுருதி மாறும். வீடுதோறும் பாடி, கிடைத்ததைப் பெற்று வாழும் முறைக்கு 'மாதுகரி' என்று பெயர். பூவுக்குத் துன்பமின்றித் தேனீ தேன் சேகரிப்பது போன்ற பிச்சை என்பது அதன் பொருள்.

வைணவ மரபும் சூஃபி மரபும் கலந்த இப்பாடல்களின் மையக் கருத்து 'மனேர் மானுஷ்', அதாவது மனத்தில் உறையும் மனிதன். அவன் வெளியே எங்கும் இல்லை. இந்த உடலாகிய கூட்டிலேயே இருக்கிறான். உபநிஷதம் அந்தர்யாமி என்று கூறுவதும் இதற்கு மிக நெருக்கமானதே.

தபால்காரரின் பாட்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ரவீந்திரநாத் தாகூர் குடும்பச் சொத்துக்களை நிர்வகிப்பதற்காக ஷிலைதஹாவில் தங்கினார். இன்று அவ்வூர் வங்காளதேசத்தில் உள்ளது. அங்கே தபால் சுமந்து செல்லும் பணியில் இருந்தவர் ககன் ஹர்க்காரா. இதயத்தில் உறைபவனை எங்கே காண்பேன் என்று ஏங்கும் அவரது பாட்டு தாகூரின் உள்ளத்தில் நிலைத்துவிட்டது. 1905-ஆம் ஆண்டு தாகூர் இயற்றிய 'ஆமார் ஸோனார் பாங்லா' அந்த மெட்டைத் தழுவியதே. அதன் முதல் பத்து வரிகள் 1972-இல் வங்காளதேசத்தின் தேசிய கீதமாக ஏற்கப்பட்டன. அறியத்தக்க புருஷனை அறியுமாறு பிரச்ன உபநிஷதம் கூறும் உண்மையையே அந்த எளிய மனிதரின் பாட்டிலும் கேட்டதாகப் பின்னாளில் தாகூர் எழுதினார்.

'தபால்காரர்தானே' என்று காதை மூடிக்கொண்டிருந்தால் தாகூர் எதை இழந்திருப்பார் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

பசிக்காகப் பாடுபவர்

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். தெருவில் பாடுபவர்கள் அனைவரும் ஞானிகளா? பலர் வயிற்றுக்காக அல்லவா பாடுகிறார்கள்? உண்மைதான். ஆனால் ஒருவர் ஞானியா இல்லையா என்று தீர்மானித்த பிறகே அவரை மதிப்பது என்றால், அது வேதாந்தம் ஆகாது. 1884-இல் தட்சிணேசுவரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணர், ஜீவனிடம் இரக்கம் காட்டுவதைவிட ஜீவனைச் சிவனாகக் கண்டு சேவை செய்வதே உயர்ந்தது என்று உணர்த்தினார். அருகிலிருந்து கேட்ட நரேந்திரர் அதையே பிற்காலத்தில் தமது சேவை நெறிக்கு அடித்தளமாக்கினார். பாடுபவரின் பசியும் சிவனின் பசியே.

ஸ்ரீராமகிருஷ்ணர் தமது இறுதி நாட்களில் அவதார புருஷர்களைப் பாவுல் குழுவினருக்கு ஒப்பிட்டார். அவர்கள் திடீரென்று வருகிறார்கள், ஆடிப் பாடுகிறார்கள், போய்விடுகிறார்கள். அவர்களை யாரும் அறிந்துகொள்வதில்லை. காய்கறிப் பையுடன் அவசரமாக நடப்பவனுக்கு இது எச்சரிக்கை அல்லவா?

2005-இல் யுனெஸ்கோ வங்காளதேசத்துப் பாவுல் பாடல்களை மனிதகுலத்தின் அரிய மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. உலகம் பாட்டைப் போற்றிவிட்டது. பாடுபவரின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதோ ஒவ்வொருவரும் தாமே செய்ய வேண்டிய காரியம்.

நாணயத்தை எறிந்துவிட்டு நகர்வது எளிது. பல நேரங்களில் அது அவரிடமிருந்து தப்பிக்கும் வழியும்கூட. பாட்டு முடியும்வரை நிற்பதும், இயன்றதை மரியாதையுடன் கையில் கொடுப்பதும், ஓர் அன்பான சொல் சொல்வதும் சாதனையே. ஜபத்தில் கூடாத மன ஒருமை அந்தச் சில நிமிடங்களில் கூடுவதும் உண்டு. பல தந்திகளாகச் சிதறிக் கிடக்கும் மனத்துக்கு ஏக்தாரா கற்பிக்கும் பாடம் இது: தந்தி ஒன்று போதும், அது சுருதி சேர்ந்திருக்க வேண்டும்.

வழியில் வருபவர் யாராயினும் அவருள் உறைபவனை வணங்கும் மனப்பக்குவத்தை இறைவன் நமக்கு அருள்வானாக!