அடுப்புப் புகைக்கும் சட்டம் உண்டா?



சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் வேலை பார்த்தபோது, ஆறாத இருமலோடு ஓர் அம்மா மருந்துக்கு வந்தார். "சுருட்டு, சிகரெட்டு ஏதும் பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டேன். "ஐயோ, என்னங்க டிரசரய்யா! வெத்தலையோட சரி" என்று சிரித்தார். ஆனால் முப்பது வருடமாக, விடியுமுன் பெரட்டுக்குப் போவதற்கு முன்னால், சன்னல் இல்லாத குசினியில் ஊதுகுழல் ஊதியவர் அவர். சிகரெட்டைத் தொடாமலே அவர் நெஞ்சில் புகை குடியேறிவிட்டது.

இன்று பெரும்பாலான வீடுகளில் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் வெந்நீர் போட, விசேஷத்துக்குச் சமைக்க, தோம்பு தீர்ந்த நாளில் சோறாக்க என்று விறகு அடுப்பு இன்னும் பல வீடுகளில் உயிரோடுதான் இருக்கிறது.

விறகுப் புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை போகின்றன. நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் அதில் உண்டு. வீட்டு அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

சரி, சட்டம் என்ன செய்கிறது? நம் நாட்டில் 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் இருக்கிறது. 1997-இல் புகைமூட்டம் நாட்டையே மூடிய பிறகு, 1998-இல் அதைத் திருத்தித் திறந்தவெளி எரிப்பைத் தடுத்தார்கள். 2024-இல் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். ஆகவே லயத்துப் பின்னால் குப்பையைக் குவித்துக் கொளுத்துவது குற்றம். ஆனால் அந்தச் சட்டம் பார்ப்பது வெளி நெருப்பை. குசினிக்குள் எரியும் அடுப்பைப் பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார்.

இங்கிலாந்தில் வீட்டு அடுப்புக்கே சட்டம் வந்தது. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய கரிப்புகையால் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. புகை கூடாத வட்டாரங்களை அறிவித்தார்கள். அதோடு நிற்கவில்லை, பழைய வீடுகளில் அடுப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கைத் திருப்பிக் கொடுக்கவும் சட்டத்தில் இடம் வைத்தார்கள். 2021-லிருந்து அங்கே சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் 2016-இல் உஜ்வலா திட்டம் ஏழைப் பெண்கள் பெயரில் கேஸ் இணைப்பு கொடுத்தது. ஆனால் மறு தோம்பு வாங்கக் காசில்லாத பலர் விறகுக்கே திரும்பினார்கள். 'எரிக்காதே' என்று சொன்னால் மட்டும் போதாது, மாற்று வழி கைக்கு எட்டவும் வேண்டும் என்பதுதான் இதில் நமக்குப் பாடம்.

அதுவரை நம் குசினிக்கு நாமே போட்டுக்கொள்ள வேண்டிய சட்டங்கள் இவை:

1. பால்மரக் கட்டையைப் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, கூரைக்கடியில் பல மாதம் காயவிடுங்கள். எரியும்போது 'உஸ்' என்று நுரை தள்ளினால் அது ஈர விறகு.

2. நெருப்புப் பற்ற ஒட்டுப்பால், டயர் துண்டு, பிளாஸ்டிக் பை போடாதீர்கள். சாயம் அடித்த பலகையும், மருந்து ஏற்றிய பலகையும் அடுப்புக்கு ஆகாது.

3. அடுப்பு எரியும்போது கதவு, சன்னல் திறந்திருக்கட்டும். முடிந்தால் அடுப்பை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள்.

4. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்காதீர்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை அடுப்பூத விடாதீர்கள்.

5. குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுகிறோம் என்று தணலை மூடிய அறையில் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள பிள்ளை நிமிடத்துக்கு 50 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், அல்லது மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்கூடு உள்வாங்கினால், கைமருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

உங்கள் லயத்துக் குசினியில் புகை போக வழியில்லையா? தனியாகப் போய்க் கேட்கத் தயங்குவீர்கள். தொழிற்சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள். பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து நிர்வாகத்திடம் கேளுங்கள். ஒரு சன்னல் வைக்க ஆகும் செலவு பெரிதல்ல. அந்த அம்மாவின் நுரையீரலை எந்த மருந்தாலும் புதிதாக்க என்னால் முடியவில்லை. உங்கள் பிள்ளைகளின் நெஞ்சு இன்னும் சுத்தமாக இருக்கிறது. அதைக் காப்போம்.