ஒத்திகை இல்லாத உரையாடல்

ஒத்திகையின்றி மேடையேறுவது நம் நாட்டு இசைக்குப் புதிதன்று. கருநாடக இசைக் கச்சேரியில் பாடகரும் வயலின் வித்துவானும் மிருதங்க வித்துவானும் அன்று மாலைதான் முதன்முதலாகச் சந்திப்பதுண்டு. நம் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்திலும், கூத்தாடுபவர் எந்த அடியில் பாட்டை நிறுத்துவார், எப்போது ஆட்டத்துக்குத் திரும்புவார் என்பதை முகவீணைக்காரரும் மிருதங்கக்காரரும் காதால் அறிந்தே வாசிக்கின்றனர்.

ஆனால் இவர்களுக்கெல்லாம் பொதுவான இலக்கணம் ஒன்று உண்டு. பாட்டும் தாளமும் எல்லாருக்கும் முன்பே தெரிந்தவை. அத்தகைய பொது இலக்கணமே இல்லாத இருவர், வேறு வேறு நாட்டினர், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான அறிமுகத்தோடு சேர்ந்து வாசித்தால் என்ன ஆகும்? 1992 செப்டம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சாண்டா பார்பரா நகரில் இந்தச் சோதனை நடந்தது. அதன் விளைவே ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ என்னும் இசைத்தொகுப்பு. ‘ஆற்றங்கரையில் ஒரு சந்திப்பு’ என்று இதனைத் தமிழில் சொல்லலாம்.

சந்தித்த இருவர்

ஒருவர் ரை கூடர். 1947-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்தவர். ப்ளூஸ் என்னும் கறுப்பின மக்களின் இசையை இளமை முதலே கேட்டுக் கற்ற கிதார் கலைஞர். மற்றவர் விசுவமோகன் பட். 1950-இல் செய்ப்பூரில் பிறந்தவர். சிதார் மேதை இரவிசங்கரின் மாணவர். மேலைநாட்டுக் கிதாரை எடுத்து, அதில் சுருதித் தந்திகளையும், தாமே அதிர்ந்து ஒலிக்கும் அனுதந்திகளையும் கூட்டி, ‘மோகன வீணை’ என்ற கருவியாக மாற்றியவர்.

இவர்களுக்குத் துணையாகச் சுக்விந்தர் சிங் தபேலா வாசித்தார். கூடரின் மகன் வாக்கிம், அப்போது 14 வயதுச் சிறுவன், தும்பெக் என்னும் அரபு நாட்டுத் தோற்கருவியை வாசித்தான். இவர்களைக் கூட்டிவைத்து ஒலிப்பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாந்தர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ப்ளூஸ் என்பது யாது?

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்களின் வழிவந்தோர், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக் காடுகளில் பாடுபட்டனர். அவர்களின் தொழிற்பாட்டிலும் துயரப்பாட்டிலும் பிறந்தது ப்ளூஸ். நம் நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் உணர்ச்சி அயலாகத் தோன்றாது. பாடகர் ஓர் அடியைப் பாடுவார். அதையே மீண்டும் பாடுவார். மூன்றாம் அடியில் அதற்கு விடை சொல்வார். ஒவ்வோர் அடிக்கும் பின் வரும் இடைவெளியில் கிதார் மறுமொழி கூறும். ஆகவே ப்ளூஸ் அடிப்படையில் ஓர் உரையாடல் எனலாம்.

இன்னொரு சிறப்பும் உண்டு. ப்ளூஸ் பாடுவோர் மூன்றாம் சுரத்தையும் ஏழாம் சுரத்தையும் சற்றே தாழ்த்தி, இரு சுரத்தானங்களுக்கு இடையே நிறுத்துவர். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டை இல்லை. நம் இசையின் கமகமும் இத்தகைய இடைவெளிகளில்தான் வாழ்கிறது. கமகம் பேசாது என்பது ஆர்மோனியத்தின் மேல் சொல்லப்பட்ட பெருங்குறை. 1940-இல் அகில இந்திய வானொலி அக்கருவியைத் தடை செய்து, பல்லாண்டுகள் ஒதுக்கியே வைத்திருந்தது.

மெட்டுகளை மறக்கச் செய்யும் வழி

கிதாரிலும் இதே இடர்ப்பாடு உண்டு. அதன் கழுத்தில் பதித்த மெட்டுகள் சுரங்களைத் தனித்தனி அறைகளாகப் பிரித்துவிடுகின்றன. இதனை வெல்லும் வழியை உலகின் பல மூலைகளில் எளிய மக்கள் கண்டறிந்தனர். தந்தியை மெட்டின்மேல் அழுத்தாமல், வழவழப்பான ஒரு பொருளைத் தந்தியின்மேல் வழுக்கிச் செலுத்துவதே அவ்வழி. ஹவாய்த் தீவில் ஜோசப் கெக்குகு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எஃகுத் துண்டைக் கொண்டு வாசித்தார். மிசிசிப்பியின் புகைவண்டி நிலையம் ஒன்றில் 1903 வாக்கில் ஒருவர் கத்தியைத் தந்திமேல் அழுத்தி வாசித்ததைக் கேட்டதாக இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி தம் வரலாற்றில் எழுதியுள்ளார். ப்ளூஸ் கலைஞர்கள் புட்டியின் கழுத்தை உடைத்து விரலில் மாட்டிக்கொண்டும் வாசித்தனர்.

தமிழர்க்கும் இது தெரிந்த கலையே. மெட்டில்லாத கோட்டுவாத்தியத்தில் மரக்கட்டையைத் தந்திமேல் நகர்த்தி வாசிப்பதை நாம் அறிவோம். திருவிடைமருதூர் சகாராமராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரியும் அக்கருவியில் புகழ் பெற்றவர்கள். வட இந்தியாவில் பிரிஜ்பூஷண் காப்ரா ஹவாய்க் கிதாரில் இந்துஸ்தானி இராகங்களை வாசித்துப் புதுவழி வகுத்தார்.

எனவே கூடரும் பட்டும் சந்தித்தபோது இருவருக்கும் இராகம் பொதுவன்று, தாளம் பொதுவன்று, தாய்மொழியும் பொதுவன்று. ஆனால் வழுக்கிச் செல்லும் சுரம் பொதுவாக இருந்தது. அந்த ஒரு பாலம் போதுமானதாயிற்று.

தேவாலயத்தில் நடந்தது

பழைய குருமடம் ஒன்றின் தேவாலயத்தில் நால்வரும் அமர்ந்தனர். ஒவ்வொருவரையும் தனித்தனியே பதிந்து பின்னர் ஒட்டும் முறையை அலெக்சாந்தர் கையாளவில்லை. வெற்றிடக் குழாய்களால் இயங்கும் கருவிகளைக் கொண்டு, நால்வரும் சேர்ந்து எழுப்பிய ஒலியை அந்த இடத்தின் எதிரொலியோடு அப்படியே பதிந்தார். இதன் பொருள் என்ன? தவறினால் மறைக்க வழியில்லை. ஒருவர் உரக்க வாசித்தால் பின்னர்க் குறைக்க இயலாது. மற்றவருக்கு இடம் கொடுத்தே தீரவேண்டும்.

தொகுப்பில் நான்கே உருப்படிகள். மொத்தம் ஏறத்தாழ 40 நிமிடங்கள். ஒன்றின் பெயர் ‘கேஞ்சஸ் டெல்டா ப்ளூஸ்’. மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடைப்பட்ட சமவெளியை ‘டெல்டா’ என்பர். அது ப்ளூஸின் தாயகங்களுள் ஒன்று. அதனைக் கங்கையோடு இணைத்தது இப்பெயர். இறுதி உருப்படியான ‘இசா லேய்’, கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவர் சென்ற பிஜித் தீவின் பிரியாவிடைப் பாடல். 1993-இல் வெளிவந்த இத்தொகுப்பு, 1994-இல் சிறந்த உலக இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது.

ஓர் ஐயம்

‘இப்படிக் கலப்பதால் இரண்டு இசையும் கெடாதோ?’ எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. பெயருக்கு ஒரு தபேலாவும் பெயருக்கு ஒரு கிதாரும் சேர்த்த பல முயற்சிகள் ஒரு முறை கேட்டதும் மறந்துபோகின்றன. ஆனால் இங்கே பட் ப்ளூஸ் கலைஞராக வேடம் புனையவில்லை. கூடர் இராக ஆலாபனை செய்ய முனையவில்லை. இருவரும் தத்தம் இசையில் பல்லாண்டு ஊறியவர்கள். ஆழமாக வேர் விட்ட மரமே காற்றுக்கு அஞ்சாமல் வளைந்து கொடுக்கும்.

கூடர் இவ்வழியிலேயே தொடர்ந்தார். மாலி நாட்டு அலி ஃபர்க்கா தூரேயுடன் 1994-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். 1996-இல் கியூபத் தலைநகர் ஹவானாவில், உலகம் மறந்திருந்த மூத்த கலைஞர்களோடு அமர்ந்து ‘புவெனா விஸ்டா சோசியல் கிளப்’ தொகுப்பை உருவாக்கினார். அப்போது காம்பாய் செகுண்டோவுக்கு வயது 88-ஐக் கடந்திருந்தது. பாடகர் இப்ராகிம் ஃபெரர் பாட்டுத் தொழிலை விட்டு, காலணிக்கு மெருகிட்டுப் பிழைத்துவந்தவர். அவர்களின் குரலை உலகெங்கும் கேட்கச் செய்த அத்தொகுப்பில், பெரும்பாலும் பின்னிருந்து வாசித்தார் கூடர்.

நமக்குரிய பாடம்

சென்ற ஆண்டு விடுதி விழாவில் நானும் நண்பர் ஒருவரும் மேடையில் வாசித்தோம். அவர் ஆர்மோனியம், நான் தபேலா. ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். ஆயினும் கைதட்டல் எழுந்ததும் நான் வேகத்தைக் கூட்டினேன். அவர் ஒலியைக் கூட்டினார். பாட்டு எங்கோ நின்றுவிட்டது. இத்தொகுப்பைக் கேட்ட பிறகுதான் எங்கள் குறை எனக்கு விளங்கிற்று. எங்களுக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது, கேட்கத் தெரியவில்லை.

வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரம் வைத்திருப்பதை நாம் தேர்வுக்காகப் படிக்கிறோம். வகுப்பு விவாதத்திலும் பட்டிமன்றத்திலும் எதிரணியினர் பேசும்போது நாம் செய்வதென்ன? நம் மறுமொழியைத் தேடுகிறோமேயன்றி அவர் சொல்லைக் கேட்பதில்லை.

மாணவ நண்பர்களே! வாய்ப்புக் கிடைப்பின் இத்தொகுப்பை மூன்று முறை கேளுங்கள். முதன்முறை கூடரை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை பட்டை. மூன்றாம் முறை, ஒருவர் வாசிக்கையில் மற்றவர் எங்கே அமைதி காக்கிறார் என்று கவனியுங்கள். முன்பின் அறியாத இருவரை நண்பர்களாக்கியது அந்த அமைதியே.