இடைகழியின் அளவு

அன்புள்ள பேத்திக்கு,

உன் கடிதம் சென்ற வெள்ளிக்கிழமை கிடைத்தது. வேளச்சேரியில் மூன்றாம் மாடியில் வீடு வாங்கிய செய்தி மகிழ்ச்சி தந்ததென்றாலும், கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் நீ எழுதியிருந்த ஒரு செய்தி என்னை இரண்டு இரவுகள் சரியாக உறங்கவிடவில்லை. வாசற்கதவைத் திறந்ததும் இருக்கும் ஏழடி நீளமும் நாலடி அகலமும் உள்ள சிறு இடமும், அதைக் கூடத்திலிருந்து மறைக்கும் அரைச்சுவரும் வீண் என்றும், சேறு பட்ட காலணியைக் கழற்றுவதற்கென்று தனி அறை வைப்பது மேல்நாட்டாரின் ஆடம்பரம் என்றும், நம்முடைய வீடுகளில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்றும், ஆகவே சுவரை இடித்து எல்லாவற்றையும் கூடமாக்கிவிடலாம் என்றும் வீட்டு அலங்காரம் செய்பவர் ஒருவர் யோசனை கூறியதாக எழுதி, என் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தாய். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை சுவரின்மேல் கடப்பாரை படக்கூடாது.

நம்முடைய வீடுகளில் இருந்ததே இல்லையாம்! அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடு எதற்குள்ளாவது ஒருமுறை நுழைந்திருந்தால் இப்படிப் பேசியிருக்கமாட்டார். தெருவிலிருந்து ஏறினால் குறடு, அதையடுத்துத் திண்ணை, திண்ணைகளுக்கு நடுவே நிலைவாசல், அதைத் தாண்டினால் ரேழி, ரேழியைக் கடந்த பிறகே முற்றமும் கூடமும். ரேழி என்பது இடைகழி என்னும் பழஞ்சொல்லின் தேய்வு. இடைகழி டேழியாகி, டேழி ரேழியாயிற்று. குறடு என்ற சொல்லும் வேடிக்கையானது. வாசலில் கட்டிய மேடைக்கும் குறடு என்று பெயர், காலில் அணியும் மரப்பாதுகைக்கும் பாதக்குறடு என்று பெயர். மிதியடி என்பதோ பாதுகையைக் குறித்ததுபோய் இன்று கால் துடைக்கும் விரிப்பைக் குறிக்கிறது. வாசலும் காலணியும் நம் மொழியில் இவ்வளவு நெருங்கிய உறவினராக இருக்க, அவற்றை நமக்கு அந்நியர் கற்பிக்க வேண்டுமா?

எங்கள் பூர்விக வீட்டில் திண்ணையோரம் ஒரு செம்பில் தண்ணீர் இருக்கும். கால் கழுவாமல் ரேழியில் நுழைந்தால் பாட்டியின் குரல் சமையலறையிலிருந்தே வரும். ரேழிச் சுவரில் ஐந்தாறு மரமுளைகள். ஒன்றில் மேல்வேஷ்டி, ஒன்றில் குடை, ஒன்றில் சாவிக்கொத்து. பக்கத்தில் மாடக்குழி, அதில் அகல்விளக்கு. வெளியே அணிவது, வெளியே கொண்டுபோவது எதுவாயினும் அது ரேழியைத் தாண்டி உள்ளே வராது, அவ்வளவுதான் சட்டம்.

இனி அளவுக்கு வருகிறேன். இந்த நாலடி இடம் எதற்குப் போதும் என்று நீ கேட்பாய். அதற்கு விடை நம் வைணவ மரபில் இருக்கிறது என்று நான் நாற்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன், கேட்பவர்தாம் சிரிக்கிறார்கள். காஞ்சியில் தோன்றிய பொய்கையாழ்வாரும், கடல்மல்லையில் தோன்றிய பூதத்தாழ்வாரும், மயிலையில் தோன்றிய பேயாழ்வாரும் ஒருவரையொருவர் அறியாதவர்களாய்ப் பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூருக்கு ஒரு மழையிரவில் வந்து சேர்ந்தார்கள். மிருகண்டு முனிவர் ஆசிரமத்தின் இடைகழியில் முதலாமவர் ஒதுங்கிப் படுத்தார். இரண்டாமவர் வந்து கதவைத் தட்ட, ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று சொல்லி அவரை உள்ளே சேர்த்துக்கொண்டார். மூன்றாமவர் வந்தபோது, இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நின்றார்கள். பிறகு, இருட்டில் நான்காவதாக ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்து, அவர் யாரென்று காண முதல் இருவரும் ஆளுக்கொரு அந்தாதியால் விளக்கேற்ற, மூன்றாமவர் கண்டேன் என்று தம் அந்தாதியைப் பாடினார். நெருக்கியவர் திருமால் என்பது கதை.

பக்தர்கள் இதில் பக்தியைக் காண்கிறார்கள், நானும் காண்கிறேன். ஆனால் ஒரு கட்டட அளவையும் சேர்த்தே காண்கிறேன். ஒருவர் படுக்க ஆறடி நீளம், இருவர் உட்கார மூன்றடிப் பலகை, மூவர் நிற்க அதற்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம். ஒரு வீட்டின் பிரவேச இடம் இதைவிடக் குறைவாக இருந்தால் துன்பம், கூடுதலாக இருந்தால் அங்கே பழைய செய்தித்தாளும் உடைந்த நாற்காலியும் குடியேறும். உன்னுடைய ஏழடிக்கு நாலடி, அந்த அளவுக்கு ஏறக்குறையச் சரியாக வருகிறது! இன்னொரு நுட்பமும் உண்டு. பொய்கையாழ்வார் தம் அந்தாதியில் பெருமானையும் திருமகளையும் பாடும்போது, வாசலுக்கு வெளியே போகாமலும் உள்ளே புகாமலும் கோவலூர் இடைகழியையே பற்றி நின்றதாகப் பாடுகிறார். வெளியும் அல்லாத உள்ளும் அல்லாத இடம் என்று இடைகழிக்கு இதைவிட நல்ல இலக்கணம் நான் எந்தச் சிற்ப நூலிலும் பார்த்ததில்லை. இதை இடிக்கச் சொல்கிறார் உன் அலங்காரக்காரர்.

சரி, கோபம் போதும். காரியத்துக்கு வா.

முதலில் ஒரு சாக்குக்கட்டியை எடுத்துக் கதவு உள்ளே திறந்து மூடும் வளைவைத் தரையில் வரைந்துகொள். மூன்றடி அதற்கே போய்விடும். மிச்சமுள்ள நாலடியில்தான் எதையும் வைக்கலாம். அங்கே சுவரோரம் மூன்றடி நீளம், பதினாறு அங்குல உயரத்தில் ஒரு கடப்பாக்கல் பலகை பதிக்கச் சொல்; மரப்பலகையைவிட அது ஈரத்துக்கு அஞ்சாது. அதன்மேல் உட்கார்ந்து காலணியைக் கழற்றலாம், அதன்கீழ் காலணியை வைக்கலாம். பெரியவர் ஜோடி ஒன்றுக்கு ஓரடி ஆழமும் முக்காலடி அகலமும் வேண்டும். ஆகவே ஒரு தட்டில் நான்கு ஜோடிக்குமேல் நிற்காது. அன்றாடம் அணிபவை மட்டும் அங்கே. கல்யாணத்துக்கு அணிபவை அலமாரிக்குப் போகட்டும்.

கதவு போட்ட காலணிப் பெட்டியை யார் சிபாரிசு செய்தாலும் வாங்காதே. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சென்னையில் பெய்யும் மழைக்கு, நனைந்த தோற்செருப்பை மூடிய பெட்டியில் வைத்தால் நாலாம் நாள் பூஞ்சணம் பூத்துவிடும். திறந்த தட்டாக இருக்கட்டும். நனைந்தவற்றுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து, ஈரம் ஏறியதும் மாற்று. பொது நடைபாதையில் மட்டும் காலணித் தட்டு வைக்காதே. இன்று ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் காலணிக் கண்காட்சியை அயலார் மூக்குக்கு நேரே நிறுவியிருக்கிறார்கள். தீப்பிடித்தால் புகையில் ஓடுகிறவன் அதில் தடுக்கி விழுவான் என்பதை எந்தச் சங்கக் கூட்டத்திலும் ஒருவரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

ஜப்பானியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் வீட்டு நுழைவிடத்துக்குக் கென்கான் என்று பெயர். அதன் தரை உள்வீட்டுத் தரையைவிடத் தாழ்ந்திருக்கும். காலணியோடு அந்தப் படியில் ஏறுவது பெரிய அபசாரம். கழற்றிய காலணியின் முனையை வாசற்பக்கம் திருப்பி வைப்பது அவர்கள் சம்பிரதாயம். மறுபடி புறப்படும்போது அப்படியே காலை நுழைத்துக்கொள்ளலாம். மாடி வீட்டில் தரையைத் தாழ்த்த உன்னால் இயலாது. அரை அங்குலக் கல்விளிம்பு வைக்கலாம் என்று எவரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. அது என்போன்ற கிழவர்கள் தடுக்கி விழுவதற்கே உதவும். அந்த ஏழடிக்கு மட்டும் சொரசொரப்பான வேறு நிறத் தரைக்கல் பதித்தால் எல்லை தானே தெரியும். பளபளக்கும் கல்லில் வழுக்குவதுபோல ஈரக்கால் அதில் வழுக்கவும் வழுக்காது. கதவுக்கு வெளியே தேங்காய்நார் மிதியடி, உள்ளே பருத்தி மிதியடி. இரண்டும் இரண்டு எட்டு வைக்கும் நீளம் இருக்கட்டும்.

குடைக்கு, அடியில் கூழாங்கல் போட்ட மண்ஜாடி ஒன்று போதும். இதில் எனக்கு அனுபவம் உண்டு. 1974இல் நான் வீடு கட்டியபோது, ரேழி பழங்காலத்து வழக்கம் என்று மேஸ்திரி சொன்னதைக் கேட்டு அதைக் கைவிட்டேன். முதல் மழைக்காலத்திலேயே கதவோரம் சாத்திய குடையிலிருந்து சொட்டிய நீர், பக்கத்து முக்காலியில் கிடந்த என் நாலாயிர திவ்வியப் பிரபந்தப் பிரதியின் முதலாயிரத்தைப் பாழாக்கியது. பக்கங்கள் இன்றும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. சொன்னவர் மேஸ்திரி, கேட்டவன் நான், தண்டனை ஆழ்வார்களுக்கு.

சுவரில் ஐந்தடி உயரத்தில் நான்கு முளைகள், உன் மகன் பள்ளிக்கூடப் பையைத் தானே மாட்டும்படி மூன்றடியில் ஒன்று. சாவிக்குத் தனி முளை. அது ஜன்னல் வழியாகக் கைநீட்டினால் எட்டாத இடமாக இருக்கவேண்டும். மின்மீட்டர் பெட்டிக்கு முன்னால் எதையும் மாட்டாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, விளக்கு. உள்ளே காலெடுத்து வைக்குமுன் கைக்கு எட்டுமாறு அதன் சுவிட்சு இருக்கட்டும்; இருட்டில் நெருக்குகிறவர் யாரென்று பார்க்க நீயும் உன் கணவரும் நூறு வெண்பாப் பாடிக்கொண்டிருக்க முடியாது.

ஐப்பசி பிறந்ததும் வருகிறேன். முழங்கால் வலியால் நின்றபடி காலணி கழற்ற என்னால் இப்போது முடிவதில்லை; அதற்குள் கடப்பாக்கல் பதித்தாயிற்றா என்று ஒரு வரி எழுது. ஒட்டிக்கொண்ட அந்தப் புத்தகத்தையும் கொண்டுவருகிறேன். பக்கங்களைப் பிரிக்க உனக்கு ஏதாவது வழி தெரிந்திருக்கலாம்.

உன் அன்புள்ள,
தாத்தா