காருக்குள் இருக்கும் சிம்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

காரிலிருந்து தகவல் வெளியேறும் முதன்மையான வழி, தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வரும் இ-சிம். கார் எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் போனது, எங்கே சட்டென்று பிரேக் பிடிக்கப்பட்டது போன்ற விவரங்கள் அதன் வழியே நிறுவனத்தின் சர்வருக்குப் போய்ச் சேர முடியும். உரிமையாளரின் கைபேசி வீட்டிலேயே கிடந்தாலும் இது நிற்காது. ஆகவே தனியுரிமையைப் பற்றிக் கவலைப்படுபவர், மைலேஜை விசாரிக்கும்போதே சிம்மையும் விசாரித்துவிடுவது நல்லது.

இந்தியாவில் 2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூவும் எம்ஜி ஹெக்டரும் இந்த வசதியைப் பெரிதாக விளம்பரப்படுத்தின. இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் ஏதோவொரு பெயரில் இதைத் தருகின்றன. ஆனால் பல மாடல்களில் மேல் வேரியன்ட்களில் மட்டுமே சிம் இருக்கும். அதே எஞ்சினோடு வரும் கீழ் வேரியன்டில் இருக்காது. கூரைமேல் சுறாத் துடுப்பு போன்ற ஆன்டெனா இருப்பதை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. வானொலிக்கு மட்டும் அதைப் பொருத்திய கார்களும் உண்டு. உட்புறக் கண்ணாடிக்கு அருகே எஸ்ஓஎஸ் பொத்தான் இருந்தால், பெரும்பாலும் சிம்மும் உள்ளே இருக்கும்.

தகவல் போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்ததே பதில். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் கார்களில் உள்ள ஆன்ஸ்டார் சேவையின் வழியே திரட்டிய விவரங்களை, காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தகவல் தரும் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் ஆகிய நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்ததை 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. செவர்லே போல்ட் வைத்திருந்த ஒருவருக்குக் காப்பீட்டுக் கட்டணம் 21 சதவீதம் ஏறியது. காரணம் தேடிய அவருக்கு லெக்சிஸ்நெக்சிஸிடமிருந்து வந்த அறிக்கை 258 பக்கம். ஆறு மாதத்தில் அவரும் மனைவியும் போய்வந்த 640 பயணங்கள் அதில் இருந்தன: கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், தூரம், வேக மீறல், திடீர் பிரேக் என ஒன்றுவிடாமல். சில கார்களின் இருப்பிடம் மூன்று விநாடிக்கு ஒருமுறைகூடப் பதிவானதாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் குற்றம்சாட்டியது. தம் கார் தம்மைப் பற்றி இவ்வளவு எழுதிவைக்கிறது என்பது அந்த உரிமையாளர்களில் பலருக்குத் தெரியாது. இந்த விவகாரத்தில் மிகக் கொடியது அதுதான்.

பிராண்டை மாற்றினால் தப்பிக்கலாம் என்று நினைக்கவும் இடமில்லை. மோசில்லா அறக்கட்டளை 2023-ல் 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளை ஆராய்ந்தபோது ஒன்றுகூடத் தேறவில்லை. எந்த நிறுவனம் என்பதைவிட, சிம் உள்ள வேரியன்டா இல்லாததா என்பதே வாங்குபவர் கையில் இருக்கும் உண்மையான தேர்வு. சிம்மால் பயனும் உண்டு. விபத்தில் உதவி வரும், திருட்டுப்போன காரைத் தேடலாம், வெயிலில் நிற்கும் காரின் ஏசியைத் தொலைவிலிருந்தே போடலாம். இவை தேவைப்படுவோர் தெரிந்தே எடுத்துக்கொள்ளலாம்.

அப்படி எடுத்துக்கொள்பவர் கவனமாக இருக்க வேண்டிய நேரம் டெலிவரி எடுக்கும் வேளை. மாலை, இனிப்பு, புகைப்படம் என்ற பரபரப்பில் ஷோரூம் ஊழியர் கைபேசியை வாங்கி, செயலியை இறக்கி, ஓடிபியைக் கேட்டு, ஒப்புதல் கட்டங்களையெல்லாம் தானே டிக் செய்து திருப்பிக் கொடுத்துவிடுவதுண்டு. கைபேசியைக் கொடுக்காமல், செயலியை வீட்டில் நிதானமாக நிறுவிக்கொள்ளலாம். சேவைக்கு அவசியமானதை மட்டும் அனுமதித்து, விளம்பரத்துக்கும் மூன்றாம் தரப்புக்குமான ஒப்புதலை மறுத்துவிடலாம். ஓட்டும் முறைக்கு மதிப்பெண் தரும் வசதி இருந்தால் அதை அணைத்துவைப்பது நல்லது. அமெரிக்காவில் வினையாக முடிந்தது அத்தகைய வசதிதான். ஓட்டும் விதத்தைப் பொறுத்துக் கட்டணம் வாங்கும் காப்பீட்டுக்கு இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2022-ல் வழிவிட்டிருக்கிறது.

அடுத்த கசிவு புளூடூத். கைபேசியை இணைத்ததும் தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் கார் கேட்கும். மறுத்தாலும் பாட்டு ஓடும். வாடகைக் காரில் சார்ஜ் மட்டும் போதுமென்றால், தகவலும் போகக்கூடிய யூஎஸ்பியை விட்டு 12 வோல்ட் சாக்கெட்டில் அடாப்டர் செருகுவது பாதுகாப்பு.

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. சட்டத்தை நம்பி விசாரணையைத் தள்ளிப்போட வேண்டாம். எந்தத் தகவல் எடுக்கப்படுகிறது, யாருக்குப் போகிறது, சந்தாவை நிறுத்தினால் சிம்மும் நிற்குமா என்ற மூன்றையும் முன்பணம் கட்டுமுன் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். விற்பனையாளர் வாயால் சொல்வது போதாது.

பழைய கார் வாங்குவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்படாவிட்டால், கார் நிற்கும் இடம் அவர் கைபேசியில் தொடர்ந்து தெரியக்கூடும். சில மாடல்களில் கதவையும் அவரால் திறக்க முடியும். ஆர்சி பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்திடும் அன்றே, அவர் முன்னிலையிலேயே அந்தக் கணக்கை நீக்கி, காரின் திரையில் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள்.